கை காட்டுதல்

ரீனோவில் இரவு பதினொன்றிலிருந்து
காலை ஏழு வரை
நான் சீட்டுப் போடுகிறவள்.
சட்டையில் பித்தளைப் பட்டை: ஹெர்மினியா.
கீழே சின்ன எழுத்தில், பட்டாங்காஸ்.
அது எந்தத் தேசம் என்று கேட்காதவர்கள்
என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேசையை விட்டு விலகும்போது ஒரு சடங்கு உண்டு.
இரு கையையும் ஒரு முறை தட்டி
விரித்து, முன்னும் பின்னும் புரட்டி
கூரைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும்.
ஒரு சில்லும் ஒளிக்கவில்லை, போய் வருகிறேன்.
கரவு இல்லாத கரம்.
இருபத்திரண்டு வருடமாகக் காட்டுகிறேன்.
எட்டாம் வருடம் கட்டைவிரல் கணுவில்
சோற்றுப் பருக்கை போல ஏதோ ஒட்டியிருந்தது.
தட்டிப் பார்த்தேன்.
உதிரவில்லை.

பிறகு பத்து விரலும்.
பிறகு உதட்டோரம், வலது கன்னம்.
உட்கார வந்த சிலர் என் விரலைப் பார்த்துவிட்டு
அடுத்த மேசைக்குப் போனார்கள்.
டுவைன் பிக்கெட் மட்டும், லாரி ஓட்டுகிறவர்,
இந்த வெள்ளை விரல்தான் தனக்கு ராசி என்று
என்னிடமே தோற்றுக்கொண்டிருந்தார்.

முழங்கை மடிப்பில் வேறு கதை. கரப்பான்.
குளிர் வந்தால் படுக்கை விரிப்பில் ரத்தப் பொட்டு.
பழைய களிம்பு முதலில் அரிப்பைத் தின்றது,
அது தீர்ந்ததும் தோலைத் தின்றது.
வெங்காயச் சருகாய்ப் போன இடத்தில்
நீல நரம்பு வெளியே தெரிந்தது.

"இது ஸ்டீராய்டு இல்லை" என்றாள் டாக்டர் லிண்ட்க்விஸ்ட்.
இரண்டுக்கும் ஒரே ட்யூப்.
மருந்துச் சீட்டை என் பக்கம் தள்ளினாள்.
ராத்திரியெல்லாம் சீட்டுத் தள்ளுகிறவளுக்கு
ஒருத்தி சீட்டுத் தள்ளினால்!
கவிழ்ந்தே கிடந்தது கொஞ்ச நேரம்.

காப்பீட்டுக் கம்பெனி எழுதியது:
அரிப்புக்கு என்றால் தருகிறோம்.
வெள்ளைக்கு என்றால் அது அழகு சமாச்சாரம்.
சரி, அரிப்புக்கே தாருங்கள் என்றேன்.

பெட்டிக்குள் மடித்து மடித்து ஒரு தாள்,
பிரித்தால் சமையல் மேடையைத் தாண்டித் தொங்கியது.
தொற்று, ரத்தக்கட்டி, இதயம், புற்று.
எஃப்ரென் பூதக்கண்ணாடி பிடித்துப் படித்தார்.
படிக்கப் படிக்க அவர் முகம் வெளிறியது.
நான் எண்களை மட்டும் தேடினேன்.
முகத்துக்குப் பத்தில் மூன்று பேர் என்றிருந்தாள் டாக்டர்.
கைக்கு? என்று கேட்டபோது
பேனாவை மூடியிருந்தாள்.
பத்தில் மூன்று.
இதைவிட மோசமான கணக்கில்
வீட்டை வைத்து ஆடியவர்களை எனக்குத் தெரியும்.

வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை.
சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை
பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வரும்.
தேய்க்கக் கூடாது, தடவ வேண்டும்.
வாசனை கிடையாது.

அரிப்பு நின்றதை நான் கவனிக்கவே இல்லை.
"பகல் முழுக்கத் தூங்கினாய்" என்று
எஃப்ரென்தான் சொன்னார்.

வெள்ளை அசையவில்லை.
வான்கோழி வெட்டும் பண்டிகை போயிற்று, பனி போயிற்று.
ஐந்தாம் மாதம் கன்னத்தில்
மயிர்க்கால் மயிர்க்காலாக
மிளகுத்தூள் தூவினாற்போல் பழுப்பு.
துடைத்துப் பார்த்தேன், இதுவும் உதிரவில்லை.
அப்படியே குளியலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கைகள் வரவில்லை.

இப்போது புதுப் படிவம் வந்திருக்கிறது.
ஒரே கேள்வி: அரிப்பு இன்னும் இருக்கிறதா?
ஆம் என்றால் ட்யூப் வரும். இல்லை என்றால் வராது.
எஃப்ரென் பேனாவை எடுத்துத் தந்து
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
படிவத்துக்கு மேலே கேமரா எதுவும் இல்லை.
ஆனாலும் இருபத்திரண்டு வருடப் பழக்கம்,
கை தானாக விரிந்தது.
இல்லை என்று எழுதினேன்.

மனு போடலாம், மேல்மனு போடலாம்,
டாக்டர் கடிதம் தருவாள். எல்லாம் திங்கட்கிழமை.
இன்றைக்கு, பழைய ட்யூபின் வாலைக்
கத்தரிக்கோலால் வெட்டி விரித்தேன்.
உள்ளே ஓரங்களில் கொஞ்சம் இருந்தது.
கன்னத்துக்கு வைத்திருக்கலாம், அங்கேதான் பிடிக்கிறது.
வழித்து, அத்தனையையும்
கட்டைவிரல் கணுவில் வைத்தேன்,
பருக்கை முதலில் ஒட்டிய இடத்தில்.
காயட்டும் என்று
கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
வேலைக்கு இன்னும் இருபது நிமிடம்.